இரநூறு ரூவாய்க்கே போடு மாப்ள

மாப்ள, ஆண்டிபட்டிக் கணவாய்ல காரை நிப்பாட்டி மலையை ரசிச்சிட்டு வந்தியாம்ல? ஏத்தத்துல குலுக்குச்சாம், நின்னுச்சாம், அரை மணி நேரம் கழிச்சு தானா கெளம்புச்சாம். நீயும் டயருக்கடியில எலுமிச்சம்பழம் வச்சிருக்க. பழம் நசுங்குச்சு. டேங்குக்குள்ள கெடக்குற பெட்ரோல் பம்ப்புக்கு அது எப்படிய்யா தெரியும்?

ஒண்ணும் மாத்திக்கிறாத. எப்பவும்போல இரநூறு ரூவாய்க்கே போடு. உசிலம்பட்டி போகணும்னா நாகமலையில ஒரு இரநூறு, செக்கானூரணியில ஒரு இரநூறு. நெறையப் போட்டா பெட்ரோல் ஆவியாப் போயிரும்னு நீதானே சொன்ன! அந்தப் பம்ப்பு மோட்டாருக்கு உள்ள ஓடுற பெட்ரோல்தான் குளுமை, அதுதான் வழவழப்பு. இருக்குறதே அடிமட்டத்துல ரெண்டு லிட்டரு. ஏத்தத்துல அதுவும் ஒரு பக்கமா ஒதுங்கிக்கிருது. பம்ப்பு காத்தை உறிஞ்சிக்கிட்டு சூடேறிக் கெடக்கு. தண்ணி காட்டாம கமலை இறைக்கவிட்ட மாடு எம்புட்டு நேரம் இழுக்கும்? ஆறுனதும் திரும்ப ஓடுது, நீ பழத்துக்கு நன்றி சொல்ற.

"முள்ளு கால் டேங்க் காட்டுச்சே மாமா"ங்கிற. காட்டத்தான் செய்யும். உள்ள ஒரு மிதவை, அதுல ஒரு கம்பி. பெட்ரோல் ஏற எறங்க அந்தக் கம்பி ஒரு தடத்துல உரசிக்கிட்டே போகும். உங்கப்பன் காலத்துல இருந்து நீங்க ரெண்டு பேரும் அடிமட்டத்துலயே ஓட்டுனதுல அடித்தடம் தேஞ்சுபோச்சு. பொய் சொல்லப் பழக்குனதே நீங்கதான், இப்ப முள்ளைத் திட்டுறீக.

முள்ளே வேண்டாத காலமும் இருந்துச்சு. நம்ம மதுரையிலயே 1912-ல பஸ் தொழிலுக்கு வந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், ரெண்டாம் உலகச் சண்டையில பெட்ரோல் கெடைக்காதப்ப கரிவாயுக் கலன் செஞ்சு வண்டிகளை ஓடவிட்டாரு. எங்கய்யா சொல்லுவாரு, கரி எம்புட்டு மிச்சம்னு மூடியைத் தொறந்து பாத்தாப் போதும்னு. சென்சாராவது கின்சாராவது! பழைய கார்பரேட்டர் மாருதி 800-லகூட பம்ப்பு இஞ்சின் மேலயே கையெட்டுற தூரத்துல இருந்துச்சு. இன்ஜெக்சன் வந்ததும் அது டேங்குக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிருச்சு.

போன்ல பாதி வெலைக்குப் பம்ப்பு வருதாமே, வாங்கு வாங்கு. அடுத்த சித்திரைக்கு அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள மறுபடி ஒண்ணு வாங்கலாம். காசு போடுறதுக்கு முன்னாடி ஒரு சோலி இருக்கு. சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாம, பின்சீட்டுப் பக்கம் காதைக் குடு. ஒரு ரெண்டு நொடி 'உய்ங்'னு சத்தம் வரணும். வரலையா? பியூசு, ரிலே, எர்த் ஒயரு மூணையும் பாரு. எர்த் துருவுக்குப் பம்ப்பை மாத்துன புத்திசாலிக நம்மூர்ல நெறையப் பேரு. சத்தம் வந்தும் திணறுதுன்னா மெக்கானிக்கை அழுத்தம் பாக்கச் சொல்லு, பம்ப்புக்கு அடியில இருக்குற வலையில அழுக்கு அப்பியிருக்கான்னும் பாக்கச் சொல்லு.

டேங்கைத் தொறந்துட்டா பம்ப்பு, மிதவைச் சென்சார், ரப்பர் வளையம் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திரு. இப்ப பெட்ரோல்ல நூத்துக்கு இருபது எத்தனால் கலக்குறாக. உன் வண்டி பொறந்தப்ப அது கெடையாது, பழைய ரப்பரை நம்பாத. பின்சீட்டைத் தூக்குனா மூடி இருக்கா, இல்ல டேங்கையே எறக்கணுமான்னு கேட்டுக்க. கழட்டுறதுக்கு முன்னாடி பம்ப்பு பியூசைப் புடுங்கிட்டு இஞ்சினைச் சுத்தவிட்டு அழுத்தத்தை எறக்கணும், பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். பெட்ரோல் குழாய்ல நிக்கிறது டயர்க் காத்தைவிடப் பெரிய அழுத்தம், மூஞ்சியில பீய்ச்சிரும். வெட்டவெளியில பண்ணச் சொல்லு. உன் சிநேகிதன் பீடியோட வேடிக்கை பாக்க வந்தா, அவனைத் திருமங்கலம் வரைக்கும் எதுக்காவது அனுப்பிவிடு.

மாட்டுனதும் ரெண்டு மூணு தடவை சாவியை மட்டும் போட்டு எடு, கசிவு இருக்கான்னு பாரு. அப்புறம் பங்க்குல போயி டேங்கை ரொப்பச் சொல்லு. முள்ளு விறுவிறுன்னு மேல ஏறும்; பயந்துராத, உங்க வீட்டுல யாரும் அதை அங்க பாத்ததில்லை.