தூங்குகிறவனுக்கு எதற்கு ஊசி?

கேள்வி: மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். முழு மயக்கம் கொடுப்பார்களாம். அதோடு மூக்கைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியும் போடுவார்களாம். தூங்குகிறவனுக்கு எதற்கு ஊசி?

பதில்: தூங்குகிறவனுக்கு இல்லை, விழிக்கப்போகிறவனுக்கு! மயக்க மருந்து மூளையைத் தூங்கவைக்கும். மூக்கின் நரம்புகள் விழித்துத்தான் இருக்கும். நீங்கள் கண் திறந்ததும் வலி வந்து கதவைத் தட்டும். அதைப் புறப்படும் இடத்திலேயே மறிப்பதுதான் இந்த ஊசி.

கண்ணுக்குக் கீழே எலும்பு விளிம்பைத் தாண்டி விரலால் அழுத்திப் பாருங்கள், சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். மூக்கின் பக்கவாட்டுக்கும் மேலுதட்டுக்கும் போகிற நரம்பு அங்கேதான் வெளியே வருகிறது. மூக்கின் பின்கோடியில் ஒரு நரம்பு முடிச்சும் உண்டு. தண்டின் பின்பகுதி வலிக்கு அதுவே வழி. இந்த இடங்களில்தான் ஊசி. அதில் இருக்கும் மரப்பு மருந்து லிக்னோகெய்ன் என்றால் ஓரிரண்டு மணி நேரம் தாங்கும், பூபிவக்கைன் அதைவிட வெகுநேரம். வலி குறைந்தால் மார்ஃபின் வகை வலி மருந்தின் தேவையும் குறையும், அதனால் வரும் குமட்டலும் குறையும். ரத்தம் தொண்டையில் இறங்கி ஏற்கெனவே வயிற்றைப் புரட்டுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

மேலுதடு சில மணி நேரம் கடன் வாங்கிய உதடு மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். உணர்வு திரும்பும்வரை சுடச்சுடக் காபி மட்டும் வேண்டாம். ஊசியின் வேகம் அடங்குவதற்கு முன்பே வலி மாத்திரையைச் சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். பல் பிடுங்கியபோது ஊசியால் தடிப்போ படபடப்போ வந்திருந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள்.