ஆளுக்கொரு குவளை

வேலை செய்யும் இடத்தில் யாரும் தன்னை மறைத்துக்கொள்ளத் தேவை இருக்கக் கூடாதாம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே பயிற்சி வகுப்பு, வண்ணக் காகிதம், இடைவேளையில் சமோசா. "நீங்கள் யார் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்" என்கிறார்கள். புதுக்கோட்டைக்காரனுக்கு எதற்கு இந்த வகுப்பு? எங்கள் பக்கத்தில் ஒருவன் தான் யார் என்று சொல்ல வாயையே திறக்க வேண்டாம். பைக்கின் பின்னால் ஒட்டியிருக்கும். மணிக்கட்டில் கயிறாகக் கட்டியிருக்கும். காதுகுத்து ஃபிளெக்ஸில் பத்தடி உயரத்துக்கு, பக்கத்தில் ஒரு சிங்கத்தோடு நிற்கும். இத்தனை வெளிப்படையான மனிதர்களை எந்தப் பன்னாட்டுக் கம்பெனியும் பயிற்சி கொடுத்து உண்டாக்கிவிட முடியாது.

மற்றவர்கள் கதை வேறு. அவர்கள் சொல்ல வேண்டாம், ஆபீசே கேட்டுத் தெரிந்துகொள்ளும். நேராகக் கேட்டுவிடாத நாகரிகமும் நமக்கு உண்டே.

"தம்பி எந்த ஊரு?"

"அன்னவாசல் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயர் வரும்.

"ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா? குலசாமி எது? இல்ல, நம்ம மாமா ஒருத்தர் அங்க இருக்காரு, அதான் கேட்டேன்."

அப்படி ஒரு மாமா உலகத்திலேயே கிடையாது. தாலுகா ஆபீசில் வாரக்கணக்கில் இழுக்கும் சாதிச் சான்றிதழ் இங்கே டீ ஆறுவதற்குள் தயார். மறுநாள் அந்தத் தம்பி டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்து சீட்டுக்காரருக்கு அவசரமாக வெளியே ஏதோ ஜோலி வந்துவிடும்.

ஆட்களைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க கம்பெனிகள் லட்சக்கணக்கில் கொடுத்து ஆலோசகர் வைக்கின்றன. எங்கள் மாவட்டத்து இறையூர் டீக்கடையில் அந்தக் கவனிப்பு எப்போதோ வந்துவிட்டது. பக்கத்து வேங்கைவயலின் பட்டியல் சாதி மக்களுக்கென்றே தனிக் குவளை. 2022 டிசம்பர் 27 அன்று கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் போனபோதுதான் அரசாங்கத்துக்கே இது தெரிந்ததாம். கலெக்டர் கவிதா ராமு அந்த மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போனார். உடனே ஒரு பெண்ணுக்கு அருள் வந்து, சாமியே அவர்களைப் பற்றி மனம்விட்டு, இழிவாகப் பேசிவிட்டது. கடைக்காரர் மேல் ஒரு வழக்கு, சாமியாடியவர் மேல் ஒரு வழக்கு.

கலெக்டரும் எஸ்.பி.யும் போனதே வேறு காரியத்துக்கு. முந்தின நாள்தான், வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடப்பது தெரிந்தது. பிள்ளைகளுக்கு நோய் வந்து, தண்ணீர் நாறி, ஏறிப் பார்த்தவர்கள் கண்டதை மறைக்காமல் ஊருக்குச் சொன்னார்கள். வெளிப்படையாக இருந்ததற்குக் கிடைத்தது என்ன? அவர்களிடமே ரத்த மாதிரி கேட்டார்கள். இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் துப்புத் துலக்கி, 2025 ஜனவரியில் சிபிசிஐடி போட்ட குற்றப்பத்திரிகையில் இருந்த மூன்று பெயரும் அந்த மக்களுடைய பெயர்களே. ஒருவர் போலீஸ்காரர். அடுத்த மாதமே வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்தை விட்டு சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனது. வழக்கில் தீர்ப்பு எழுத நான் யார்? ஆனால் அடுத்த முறை தொட்டியில் எதையாவது பார்ப்பவன், கீழே இறங்கி வாயைத் திறப்பதற்குள் ஒரு வக்கீலைத் தேடுவான்.

எங்கள் ஊரில் பிறப்பைத் துருவுவது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. நூறாண்டுக்கு மேல் இருக்கும், மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் படிக்க வந்தபோது பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரிய மனிதர்கள் குதித்தார்கள். அப்பா அந்தக் கல்லூரியின் முதல்வராகவே இருந்தவர். அம்மா தேவதாசி குலத்தில் பிறந்தவர், அதுவும் உறுத்தியது. தொண்டைமான் மன்னர் உத்தரவு போட்ட பிறகே இடம் கிடைத்தது. 1912-இல் அவர் டாக்டராகி வெளியே வந்தார். இன்று மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர். பெயர் வைப்பதென்றால் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கினோம். பெயர் மாறியது, துடைப்பம் எந்தத் தெருவிலிருந்து வருகிறதோ அங்கிருந்தேதான் வருகிறது.

ஊராட்சி அலுவலகமும் ஒரு பணியிடம்தானே? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது. பட்டியல் சாதிப் பெண், தேர்தலில் ஜெயித்து வந்தவர். 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவுக்கு நாடே கொடி வாங்கிக்கொண்டிருந்தபோது, தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார்: ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று. தலைவர் கொடியேற்ற ஒரு கடிதம், கடிதத்துக்குக் காவலாக போலீஸ். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு, தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவையே முட்டுக்கொடுத்தும் அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. புதுக்கோட்டை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. நாற்காலித் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. உட்கார ஆளே இல்லாமல் போனது.