மாமா பதில்கள்: கண்ணடியில் கறுப்பு

கே: பாம்பாடும் சோலைப் பக்கம் ராத்திரி டார்ச் அடித்தால் காட்டுமாட்டின் கண் மின்னுகிறது. நம் கண் ஏன் மின்னுவதில்லை? (பழத்தோட்டம்)

ப: மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. நமக்கு அங்கே இருப்பது மெலனின் கறுப்பு; வந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். காட்டுப்பன்றிக்கும் அந்தப் படலம் கிடையாது. பன்றி நமக்கு என்ன முறை என்று அடுத்த வாரம் கேட்காதீர்கள்.

கே: கறுப்பு நல்லதென்றால், தம்பியின் கண்ணடியில், அதாவது விழித்திரையில், கறுப்பைப் பார்த்த டாக்டர் ஏன் உதட்டைப் பிதுக்கினார்? (கோவிலூர்)

ப: இருக்கவேண்டிய இடத்தை விட்டு நகர்ந்ததால். அந்தக் கறுப்பைச் சுமக்கும் நிறமிச் செல்கள் ஒற்றை வரிசையில் நின்று, ஒளிச்செல்கள் தினமும் உதிர்க்கும் நுனியைத் தின்று தீர்க்கும் துப்புரவாளர்கள். பரம்பரைக் கோளாறில் ஒளிச்செல்கள் மடிந்தால், வேலை போன துப்புரவாளர் விழித்திரைக்குள்ளேயே குடியேறி, ரத்தக்குழாய் ஓரமாகத் திட்டுத் திட்டாக உட்கார்ந்துவிடுவார். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பார்கள். உலகில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு. முதலில் மாலைக்கண், பிறகு பக்கப் பார்வை சுருங்கும்.

கே: மாலைக்கண்ணுக்கு எங்க வட்டவடை கேரட் போதாதா?

ப: வைட்டமின் ஏ குறைந்து வந்த மாலைக்கண் கேரட்டுக்கும் முருங்கைக்கீரைக்கும் மசியும். மரபணுவில் வந்ததற்கு வட்டவடைத் தோட்டம் மொத்தத்தையும் தின்றாலும் உள்ளங்கைதான் மஞ்சளாகும்.

கே: அத்தை மகளைக் கட்டினால் பிள்ளைக்குக் கண் போய்விடுமாமே? (சிலந்தியாறு)

ப: கட்டிய எல்லோர் வீட்டிலும் போவதில்லை. ஆனால் கணக்கைக் கேளுங்கள். அத்தை மகளும் நீங்களும் எட்டில் ஒரு பங்கு மரபணுவில் ஒன்று. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. ஒரே குறை இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர நாலில் ஒரு வாய்ப்பு. பரம்பரையில் மாலைக்கண் இருந்ததா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். சொத்து வெளியே போகக் கூடாதென்றுதானே முறைப்பெண்ணைக் கட்டுகிறோம்? குறையும் வெளியே போகாது.

கே: மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன். கண்ணைக் கெடுக்குமா?

ப: அளவு மிஞ்சி, ஆண்டுக்கணக்கில் போனால் விழித்திரை நடுவில் நிறமி வளையமாக அழியும். நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு சோதனை, 5 ஆண்டுக்குப் பின் வருடாவருடம். 2020இல் கொரோனாவுக்கென்று பதுக்கியவர் மிச்சத்தைக் கொடுத்தால், கும்பிடு போட்டுவிடுங்கள்.

கே: தாத்தாவுக்கு நடுப்பார்வை மறைகிறது. பீடியாலா?

ப: மூத்த குற்றவாளி வயது. பீடி கூட்டாளி.

கே: மரபணு சிகிச்சை வந்துவிட்டதாமே?

ப: லக்ஸ்டர்னா. 2017இல் அமெரிக்காவில் அனுமதி. ஆர்பிஇ65 என்ற மரபணு பழுதானவர்களுக்கு மட்டும். இரண்டு கண்ணுக்கும் அறிவித்த விலை 8,50,000 டாலர். வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விலைதான் இன்னும் அந்த உயரத்துக்கு ஏறவில்லை.

கே: தேனி அரவிந்தில் கண்ணடி பார்க்கப் பைக்கில் போகலாமா?

ப: போகலாம், திரும்பத்தான் முடியாது. கண்மணியை விரிக்க விடும் சொட்டு மருந்தில் சில மணி நேரம் கண் கூசும், மங்கும். போடிமெட்டில் கொண்டை ஊசி வளைவு 17. மச்சானை ஓட்டச் சொல்லுங்கள். அத்தை மகன்தானே, அவர் கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள்.