உறைகோழி நெகிழ்த்தல்: கரிசல் நிலத்தை முன்வைத்து ஒரு திணை ஆய்வு

1. ஆய்வுப்பொருளும் களமும்

குளிர்பெட்டியின் மேலறையில், அதாவது பேச்சு வழக்கில் பிரீசர் எனப்படும் பனியறையில், பல நாள் கிடந்து அம்மிக்குழவியோடு ஒப்பிடத்தக்க உறுதியை அடைந்துவிட்ட கோழிக்கறி இவ்வாய்வில் உறைகோழி எனப்படும். அவ்வுறுதியைப் போக்கி, அரிவாள்மனை இறங்கும் பதத்துக்கும் மசாலா ஏறும் பதத்துக்கும் அதனை மீட்டுக் கொண்டுவரும் தொழில் நெகிழ்த்தல் எனப்படும். உலக வழக்கில் இதற்குக் 'கூலிங் போக வைப்பது' என்று பெயர். அவ்வழக்கு பொருளைச் செவ்வனே உணர்த்துவதாயினும், கூலிங் எங்கே போகிறது, போகும்போது எதனை உள்ளே வரவிட்டுப் போகிறது என்னும் இரு வினாக்களுக்கு அது விடை கூறாமையின், இவ்வாய்வு தேவையாயிற்று.

ஆய்வுக்களம் எப்போதும்வென்றான். தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரம் வட்டத்தில், எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலைப் பக்கம், பருத்தியும் உளுந்தும் கம்பும் மிளகாயும் விளையும் கரிசலின் நடுவே அமைந்த இவ்வூர், கடந்த காலத்தோடு நில்லாமல் எதிர்கால வெற்றிகளையும் முன்கூட்டியே பெயரில் பதிந்துகொண்ட ஊராகும். வெயில், கோழி, கிருமி, சமைப்பவர் ஆகிய நால்வரும் ஓர் அடுக்களையில் மோதும்போது எப்போதும் வெல்பவர் யார் என்னும் வினாவை எழுப்புவதற்கு இதனினும் பொருத்தமான களம் கிடைப்பதரிது.

2. உறைகோழி தோன்றும் வகை

கோழியைக் கண்ணெதிரே உரித்து வாங்கினாலன்றி மனம் ஒப்பாத நிலப்பகுதியில் உறைகோழி இயல்பான பொருளன்று. அது தோன்றுவதற்குத் தனிக் காரணம் வேண்டும். காரணங்கள் இரண்டு. ஒன்று, வருவதாகச் சொன்ன விருந்தாளி வராமை. மற்றொன்று திருவள்ளுவர். தை 2-ஆம் நாள் திருவள்ளுவர் நாளாகக் கொண்டாடப்படுவதால் அன்று தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகள் அரசு ஆணைப்படி மூடப்படுகின்றன. அதே நாள் மாட்டுப் பொங்கலாகவும் அமைந்துவிடுவதால், கறி தின்னும் ஆசை உச்சத்தில் நிற்கும் பொழுதும் கறிக்கடை பூட்டி நிற்கும் பொழுதும் ஒன்றாகிவிடுகின்றன. இம்முரணைத் தீர்க்கவே விவரமறிந்த குடும்பங்கள் போகிக்கு முன்பே இரண்டு கிலோ வாங்கிப் பனியறையில் வைக்கின்றன. புலால் மறுத்தலுக்கென்று ஓர் அதிகாரம் பாடியவரின் பெயராலேயே ஆண்டுதோறும் பல வீடுகளில் கோழி உறைகிறது என்பது, தமிழியல் ஆய்வாளர் இதுகாறும் போதிய கவனம் செலுத்தாத செய்தியாகும்.

கோழிக்கும் பனிக்கும் உள்ள உறவு மேலைநாட்டிலும் பழமையானது. ஆங்கில மெய்யியலார் பிரான்சிஸ் பேக்கன் 1626-இல் இலண்டனை அடுத்த ஹைகேட்டில் ஒரு கோழியை வாங்கி, அதன் வயிற்றில் பனியைத் திணித்துப் பார்த்து, அக்குளிர் தாக்கியே மாண்டார் என்று ஜான் ஆப்ரி எழுதிவைத்தார். கதை மெய்யாயினும் புனைவாயினும், உறைய வைத்தவரைப் பற்றிப் பேசிய வரலாறு, அக்கோழியை நெகிழ்த்தியவர் யார் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைக் காப்பதற்கென்றே 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுப்பப்பட்டபோதும், உருகாமல் காப்பதே நோக்கமாயிருந்தது. முறைப்படி உருகவிடும் கலைக்கு எங்கும் ஒரு மண்டபம் எழுந்ததில்லை.

3. திணை வரையறை

உறைகோழி எத்திணைக்கு உரியது என்பதை அறியாமையே நெகிழ்த்தலில் நேரும் பிழைகளுக்கெல்லாம் மூலமாகும். கானக்கோழி முல்லையின் கருப்பொருள். முல்லைக்குரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருந்து காத்திருத்தல். எனவே கோழி குளிர்ந்த பொழுதில், மாலையில் தொடங்கி, பொறுமையோடு கையாளப்படவேண்டிய பொருள் என்பது திணையிலக்கணத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. பாலைக்கோ பொழுது வேனிலும் நண்பகலும், உரிப்பொருள் பிரிதல். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதை உறைகோழிக்கும் பொருத்திப் பார்த்தல் தகும்: முல்லைக்குரிய கோழியை நண்பகல் வெயிலில் வைப்பவர் அதனைப் பாலையாக்குகிறார், பின்னர் நிகழும் பிரிதல், உண்டவர் பந்தியைப் பிரிந்து கழிப்பறை நோக்கி விரைதலாக முடிகிறது.

4. பரபக்கம்: பிறர் கொள்கைகளும் அவற்றின் மறுப்பும்

சித்தாந்த நூலார் பிறர் மதத்தை முதலில் எடுத்துரைத்து மறுக்கும் பகுதியைப் பரபக்கம் என்பர். நெகிழ்த்தலில் மறுக்கத்தக்க மதங்கள் பல உளவேனும், இங்கு மூன்று மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திண்ணைவாதிகள், கரிசல் வெயில் இலவசமாகக் கிடைக்கும்போது கவலை எதற்கு என்று கறியைத் தட்டில் வைத்துத் திண்ணையிலோ அடுப்பு மேடையிலோ விட்டுவிடுவர். இதன் குற்றம் இயற்பியலிலேயே உள்ளது. பனிக்கட்டி தன் வெப்பநிலை சற்றும் உயராமல் வெறுமனே நீராக மாறுவதற்கே, அதே அளவு நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கப் போதுமான வெப்பத்தை விழுங்குகிறது. இது உள்ளுறை வெப்பம் எனப்படும். மேலும் வெப்பத்தைக் கடத்துவதில் நீர் பனிக்கட்டியின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திறமே உடையதாகலின், முதலில் இளகிய மேற்பகுதி, உள்ளே கிடக்கும் உறைபகுதிக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே நெஞ்சுக்கறியின் நடு இன்னும் மார்கழியில் இருக்கும்போதே தோல் சித்திரைக்கு வந்துவிடுகிறது. அத்தோலில் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் கண் விழிக்கின்றன. உறைதல் அவற்றைக் கொல்வதில்லை, உறங்க மட்டுமே வைக்கிறது. தக்க சூட்டில் ஒரு கிருமி 20 நிமிடத்துக்கொருமுறை இரண்டாகுமெனின், 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். கந்துவட்டியின் கணக்கறிந்த தென்மாவட்டத்தார்க்கு இதனை மேலும் விளக்கவேண்டியதில்லை. 5 முதல் 60 பாகை வரை அபாய எல்லை எனவும், அதனுள் கறி 2 மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது எனவும், சுற்றுப்புறம் 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரமே வரம்பு எனவும் உணவுப் பாதுகாப்பு நூலார் வகுத்துள்ளனர். எப்போதும்வென்றானில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகலுக்கு இந்த ஒரு மணி நேர விதியே பொருந்தும். அந்த ஒரு மணி நேரத்தில் முழுக்கோழி நெகிழ்வதுமில்லை.

வெந்நீர்வாதிகள் அவசரத்தைக் கொள்கையாக உடையவர்கள். அண்டாவில் சுடுநீர் ஊற்றிக் கறியை மூழ்கவைக்கும் இவர்கள் மேற்பகுதியை அரைவேக்காடாக்கி, நடுப்பகுதியைப் பாறையாகவே விட்டுவிடுவதால், திண்ணைவாதிகளின் பிழையைக் குறுகிய நேரத்தில் செய்து முடிப்பவராவர்.

கொதிவாதிகள் முன்னிருவரினும் தருக்கத்தில் வல்லவர்கள். எப்படியும் குழம்பு கொதிக்கத்தானே போகிறது, கொதித்தால் கிருமி சாகாதா என்று இவர்கள் கேட்பர். கறியின் உட்பகுதி 74 பாகையை எட்டினால் சால்மொனெல்லா சாகும் என்பது மெய்யே. எனினும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை. திருடன் செத்தாலும் அவன் தோண்டிய கன்னக்கோல் ஓட்டை சுவரில் இருப்பது போன்றது இது. அன்றியும், கறியிலிருந்து வடிந்த நீர் அரிவாள்மனையில் ஒட்டி, பின்னர் அதே அரிவாள்மனையில் நறுக்கப்படும் பச்சை வெங்காயத்தில் ஏறிவிட்டால், அவ்வெங்காயம் எந்தக் கொதியையும் காணாமலே தயிர்ப்பச்சடி வழியாக இலைக்கு வந்துசேரும்.

5. சுபக்கம்: துணிந்த முறைகள்

தலையாய முறை குளிரைக் குளிராலேயே வெல்வது. கறியைப் பனியறையினின்றும் எடுத்து, விளிம்புள்ள பாத்திரத்தில் வைத்து, குளிர்பெட்டியின் 5 பாகைக்கு மேற்படாத கீழ்த்தட்டில் விட்டுவிடுதல் வேண்டும். 2 கிலோ முழுக்கோழிக்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். அரைக்கிலோ துண்டுகளுக்கு ஓர் இரவு பெரும்பாலும் போதும். கீழ்த்தட்டு என்றதற்குக் காரணம் உண்டு. உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துத் தசையின் நுண்ணறைகளைக் கிழிக்கிறது. ஆதலின் இளகும்போது, மழையில் ஊறிப் பெருத்துக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணைப்போல், கறியும் தான் முன்பு அடக்கிவைத்திருந்த நீரை முழுதும் அடக்கமாட்டாமல் கசியவிடுகிறது. அந்நீர் மேல்தட்டிலிருந்து சொட்டுமாயின், கீழே இருக்கும் இட்லி மாவும், சாமிக்கு வாங்கிவைத்த மல்லிகைப்பூவும் ஒருங்கே அசைவமாகிவிடும்.

இடையாய முறை தண்ணீர் முறை. கறியை ஒழுகாத பையில் கட்டி, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி, இளகியவுடன் சமைத்துவிடுதல் வேண்டும். கரிசலில் இதற்கு இரண்டு தடைகள் உள. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் இறங்கும் குழாய்நீர் குளிர்நீர் ஆகாது, வெந்நீர்வாதிகளின் பக்கமே சேரும். ஆதலின் மண்பானை நீரோ, ஐஸ்கட்டி இட்ட நீரோ வேண்டும். மற்றொன்று, குடத்தை வரிசையில் வைத்து நீர் பிடித்துப் பழகிய ஊரில் ஒரு கோழிக்காக நான்கு வாளி நீரை மாற்றச் சொல்பவர் வீட்டாரின் மதிப்பை இழப்பார். பை ஒழுகாதிருந்தால் அந்நீரை முருங்கை மூட்டில் ஊற்றிப் பழியிலிருந்து ஓரளவு தப்பலாம்.

கடையாய முறை நெகிழ்த்தாமலே அடுப்பேற்றுதல். சிறு துண்டுகளாயின் இதுவும் தகும். வேகும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும் என்பதும், மசாலா மேலோடு நின்றுவிடும் என்பதும் இதன் தண்டனைகள்.

6. முடிவுரை: ஊர்ப்பெயரில் ஓர் இலக்கணச் சிக்கல்

எப்போதும் என்பது முக்காலத்தையும் தழுவும் சொல். வென்றான் என்பதோ இறந்தகால வினை. முக்காலத்துக்கும் உரிய வெற்றி ஏன் இறந்தகாலத்தால் சொல்லப்பட்டது? விரைவு பற்றியும் தெளிவு பற்றியும் காலம் மயங்கி வருதலை இலக்கண நூலார் அமைதியாக ஏற்பர். அடுக்களையில் விரைவு பற்றி வந்த கூட்டம் எக்கதியடைந்தது என்பது பரபக்கத்துள் காட்டப்பட்டமையின், தெளிவு பற்றி வந்தது என்றே கொள்ளல் வேண்டும். ஆண்பால் ஈறு பற்றி அவ்வூர்ப் பெண்டிர் எழுப்பக்கூடிய தடை நியாயமானதே. அது தனி ஆய்வுக்குரியது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வெயில் உச்சிக்கு ஏறி, விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கும் எந்த நெகிழ்த்தலும் வென்றதில்லை. வென்றவரின் வெற்றி சனிக்கிழமை மாலை, கறிப்பொட்டலம் மேலறையிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கிய பொழுதே இறந்தகாலமாகிவிட்டது.