சேரப்போகிறவர்

“வர்ற ஜூலையில சேரப்போறேன்” என்று இவர் சொல்லும்போது, எந்த வருடத்து ஜூலை என்று கேட்பது நாகரிகம் அல்ல. ஜூலை தப்பினால் ஜனவரி இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் சேர வசதியாக இருக்கட்டும் என்றுதான் தொலைநிலைப் படிப்புகளுக்கு வருடத்தில் இரண்டு முறை ஆள் சேர்க்கிறார்கள். இவருக்கு அது வருடத்தில் இரண்டு முறை தள்ளிப்போடும் வசதியாக அமைந்துவிட்டது.

நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதிருக்கும். பி.எஸ்ஸி. கணிதத்தில் இரண்டு அரியரை வைத்துவிட்டு, அப்பா தவறியதும் வாரிசு வேலைக்கு வந்தவர். அதன்பிறகு கல்யாணம், வீட்டுக்கடன், மகள் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த இரண்டு பேப்பர் மட்டும் நடக்கவில்லை. சும்மா கிடந்த ஆசையைக் கிளப்பிவிட்டது மைத்துனர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. நம்மூர்ப் பத்திரிகையில் பெண், மாப்பிள்ளையின் பட்டங்கள் மட்டுமா அச்சாகின்றன? தாய்மாமன் எம்.காம்., பெரியப்பா பி.ஏ., பி.எல்., சித்தி எம்.எஸ்ஸி., எம்.எட்., எம்.பில். கடைசியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ மழலைகளைத் தவிர எல்லாருக்கும் வால் உண்டு. இவர் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, அச்சகத்தாரே ‘அரசு ஊழியர்’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று தொடங்கிய ஃபைல் இன்று பீரோவில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணாமலை, மதுரை காமராசர், சென்னை, சைதாப்பேட்டைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ என்று அதில் இல்லாத ப்ராஸ்பெக்டஸ் இல்லை. அவற்றின் சாரமெல்லாம் ஓர் எக்செல் தாளில் ஏறியிருக்கிறது. கட்டணம், தேர்வு மையம், வீட்டிலிருந்து தேர்வு மையத்துக்குப் பஸ் எண், மையத்துக்கு எதிரே சைவ ஓட்டல் உண்டா என்பது வரை தனித்தனிப் பத்தி.

சந்தேகம் கேட்டால் ஆள் நிற்காமல் கொட்டுவார். இக்னோவில் பி.ஏ. மூன்று வருடம்தான், ஆறு வருடம் வரை இழுக்கலாம். அசைன்மெண்ட்டைத் தள்ளிவிடாதே, முப்பது சதவீதம் அதற்குத்தான். நாக் தரச்சான்றில் ‘ஏ பிளஸ்’ என்றால் 3.26 முதல் 3.50 வரை, அதற்கு மேலே போனால்தான் இரண்டாவது பிளஸ். சட்டமும் நர்சிங்கும் ஆன்லைனில் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடு. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீ சேருகிற செஷனுக்கு நீ சேருகிற படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று பார். இவ்வளவும் சரியான தகவல்கள். காசு வாங்கும் ஆலோசகர்கள் கடைசித் தகவலைச் சொல்வதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காலமும் இவருக்கு எதிராகவே வேலை செய்தது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022இல் யுஜிசி அறிவித்தது. ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தவர் அன்று முதல் இரண்டைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தவிக்கிறார். சென்னை ஐஐடி 2020இல் டேட்டா சயின்ஸ் படிப்பை ஆன்லைனில் கொண்டுவந்தபோது, வயது வரம்பு இல்லை என்று கேள்விப்பட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. நான்கு வாரப் பாடம் படித்து, தகுதித் தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும். கணிதப் பாடத்தை எட்டிப் பார்த்தார். கணங்கள், சார்புகள். பழைய அரியர் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. லேப்டாப்பை மகளிடம் கொடுத்துவிட்டார்.

பிறகு 2024இல் அதே தொலைநிலைக் கல்விப் பிரிவின் ‘டெப் ஐடி’ வந்தது. அது இல்லாமல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர முடியாது. இவருக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால். மார்க் ஷீட்டில் முன்னால். திருத்த வேண்டும் என்று யாரோ சொன்னபோது இவர் முகத்தில் கவலை தெரியவில்லை. நியாயமான காரணம் ஒன்று கிடைத்த நிம்மதிதான் தெரிந்தது.

உள்ளூர இவருக்குத் தேர்வுக்கூடப் பயம். பேனாவும் ஹால் டிக்கெட்டுமாக உள்ளே நுழையும்போது, மேற்பார்வையாளர் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டால்?

ஆனாலும் இவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பதினேழு வயதில் இவரைக் கேட்டா கணிதத்தில் சேர்த்தார்கள்? மார்க்குக்குக் கிடைத்த இடம் அது, அப்பா கையெழுத்துப் போட்டார், முடிந்தது. எது படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் சுகம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. சேர்ந்துவிட்டால் அந்தச் சுகம் போய்விடும். அப்புறம் படிக்க வேண்டியதுதான்.

இவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் உருப்பட்டார்கள். அலுவலக உதவியாளராக இருந்தவர் பி.ஏ. முடித்து, குரூப் 2 எழுதி, இன்று இவருடைய விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறார். இன்னொருத்தி, சேர்க்கைக்காக போன் செய்த கால் சென்டர் பெண்.

“சார், ரெண்டே சீட்தான் இருக்கு. இன்னிக்கு நைட்டோட ஆஃபர் முடியுது.”

“ஆன்லைன்ல என்னம்மா சீட்டு? பெஞ்சு பத்தலையா?”

அவள் சிரித்துவிட்டாள். இவர் நாக் மதிப்பெண் கேட்டார், செமஸ்டர் வாரியாகக் கட்டணம் கேட்டார், ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்பது யார் பெயரில் எடுக்கும் கடன் என்று கேட்டார். அரை மணி நேரத்தில் அவள் சொந்தக் கதைக்கு வந்துவிட்டாள். பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவள். எங்கே சேர வேண்டும், என்னென்ன சான்றிதழ் வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று இவர் சொல்லச்சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். சேர்ந்தாள். சம்பளத்தில் கட்டணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், ஒரு பேப்பரும் விழாமல் முடித்தாள்.

போன வாரம் போன் செய்து செய்தியைச் சொன்னாள். இவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அடுத்து எம்.காம்.முக்கு எக்செல் தாளைத் திறந்து விளக்கத் தொடங்கியபோது அவள் குறுக்கே கேட்டாள்.

“சார், கேக்கணும்னே இருந்தேன். நீங்க கடைசில எதுல சேந்தீங்க?”

“இந்த விஷயத்துல அவசரப்படக் கூடாதும்மா” என்றார்.