துப்பினால்தான் சம்பளம்

தண்ணீர் கலக்காத காஸ்க் ஸ்ட்ரெந்த் சிங்கிள் மால்ட் விஸ்கியை ருசி பார்த்து மதிப்புச் சொல்ல எங்கள் பக்கம் ஆள் உண்டா? – வாசகர், பதுளை

உண்டு, ஆனால் தேயிலைக்கு! சுவைஞர் பார்க்கும் கோப்பையில் 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல். வீட்டில் இவ்வளவு சாயத்தோடு தேத்தண்ணி ஊற்றினால் ஏச்சு விழும். சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது ஊவாக் கொழுந்தில் ஏறும் அந்தப் புகழ்பெற்ற மணத்தில் மீதைல் சாலிசிலேட்டுக்குப் பெரும் பங்குண்டு. சுளுக்குத் தைலத்தில் மணப்பதும் அதுவே! ஸ்கொட்லாந்து வாசம்தான் வேண்டுமென்றால் அப்புத்தளைக்குப் போங்கள். தம்பேதென்ன தோட்டத்தை வாங்கிய லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர்.

ஊவாவின் அந்தப் பருவத் தேயிலை பெரும்பாலும் கப்பலேறிவிடும். லயத்துக் கேத்தலில் கொதிப்பது டஸ்ட் தேயிலைத்தூள்.