மலையிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு

கேள்வி: கல்வராயன் மலைக்காரி நான், விலங்கியல் முதுகலை படிக்கிறேன். கடல் ஆய்வுக்கு எனக்கு யார் பணம் தருவார்கள்? (வாசகி, கச்சிராயபாளையம்)

பதில்: உங்கள் மலையில் பிறக்கும் கோமுகி, வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. வழிச்செலவு கேட்காமலே போகிறது. நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்! அந்தக் கழிமுகத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால், முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததும் முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000, வீட்டு வாடகைப்படி தனி. பழங்குடி மாணவி என்றால், மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் ஆய்வு உதவித்தொகையும் உண்டு. உயிரினப் பாதுகாப்புப் பணிதான் விருப்பமென்றால் இங்கிலாந்தின் ரஃபோர்டு அறக்கட்டளை சிறு நிதி தருகிறது. விண்ணப்பத்தில் கடலை வர்ணிக்காதீர்கள். எந்த உயிரினம், எந்தக் குப்பத்து மீனவர், என்ன மாறும் என்று எழுதுங்கள். மலையில் அரிக்கும் மண் கழிமுக நண்டுகளை என்ன செய்கிறது? இதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?